ஹா ஜியாங் மலைச்சுற்று: வழிகாட்டியோடு போவதா, நாமே ஓட்டிப்போவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கணவன் மனைவி இருவரும் வியட்நாம் போகிறீர்கள். வடக்கே சீன எல்லையை ஒட்டிய ஹா ஜியாங் மலைகளை மோட்டார் சைக்கிளில் சுற்றிவர ஆசை. நீங்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறைச் சாலையையும் பலமுறை ஏறி இறங்கியவர், லடாக்கும் பார்த்தவர். மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தால் ஆகும் செலவைவிட, வழிகாட்டியோடு போக மிக அதிகமாகக் கேட்கிறார்கள். அந்தக் காசு தகுமா?

தகும். ஆனால் வழி தெரியாமல் போய்விடுமே என்பதற்காக இல்லை. அந்தச் சுற்றில் வழி தவறுவதுதான் கஷ்டம். சுமார் 350 கிலோமீட்டர், பெரும்பகுதி ஒரே நெடுஞ்சாலை, கைபேசி வரைபடமே போதும். காசு போவது வேறு விஷயங்களுக்கு. அவற்றில் முதலாவது சட்டம். அதைச் சொல்லாமல் மலையழகைப் பேசினால் பாதிப் பதில்தான் ஆகும்.

என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இருவரும் ஆளுக்கொரு உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போங்கள். ஓட்டத் தெரிந்தவனைப் பின்சீட்டில் உட்காரச் சொல்வதா என்று கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

வியட்நாம் ஏற்றுக்கொள்ளும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, 1968ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டின்படி வழங்கப்பட்ட புத்தகம். நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்குகிற ஐ.டி.பி. புத்தகம் 1949ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டுப் படிவம். அட்டையைப் புரட்டிப் பாருங்கள், ஆண்டு அச்சிட்டிருக்கும். கனடா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்கள் வாங்குவதும் 1949தான். பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்தில் இருப்பவர்களுக்கு 1968 கிடைக்கும். அதிலும் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை இருக்க வேண்டும், காருக்கு மட்டும் இருந்தால் உதவாது. ஆக, நம் புத்தகத்தோடு அங்கே ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு.

ஹா ஜியாங் நகரத்து வாடகைக் கடையில் இதைக் கேட்டால், "பரவாயில்லை, எல்லாரும் ஓட்டுகிறார்கள்" என்பார்கள். எல்லாரும் ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். மலையேறும் சாலையில் போலீஸ் நிறுத்திப் பார்ப்பதும் உண்மைதான். 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்த விதிகளில் அபராதம் நன்றாகவே ஏறியிருக்கிறது: உரிமம் இல்லாமல் 125 சிசி வரையிலான வண்டி ஓட்டினால் 20 முதல் 40 லட்சம் டாங், அதற்கு மேற்பட்ட வண்டி என்றால் 60 முதல் 80 லட்சம் டாங். லட்சம் என்றதும் பதறவேண்டாம், 80 லட்சம் டாங் ஏறத்தாழ 300 அமெரிக்க டாலர். வண்டியையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பயணிகள் விரும்பி எடுக்கும் ஹோண்டா எக்ஸ்.ஆர். 150 எந்தத் தட்டில் விழும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அபராதம்கூடப் பெரிதில்லை. பயணக் காப்பீடுதான் பெரிது. பெரும்பாலான காப்பீட்டுப் பத்திரங்களில் ஒரு வரி இருக்கும்: அந்த நாட்டில் செல்லும் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டும்போது ஏற்படும் காயத்துக்குப் பணம் கிடையாது. மலையில் கால் முறிந்தால் முதலுதவி மாவட்ட மருத்துவமனையில் கிடைக்கும். பெரிய அறுவை சிகிச்சை என்றால் 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஹனோய்க்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்து. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தால் இரண்டு பேர் கணக்கு. உரிமம் உள்ள ஓட்டுநரின் பின்னால் பயணியாகப் போகும்போது நிலைமை வேறு. பல காப்பீடுகள் அதை ஏற்கும். ஆனாலும் "மோட்டார் சைக்கிளில் பின்சீட்டுப் பயணி" என்று குறிப்பிட்டே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் நிற்காது.

இப்படிப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகும் ஓட்டுநரைத்தான் அங்கே "ஈஸி ரைடர்" என்கிறார்கள். இந்தப் பழக்கம் தெற்கே தலாத் நகரில் 1990களில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. ஹா ஜியாங்கில் இது இப்போது பெரிய தொழில். ‘தாய்’ (Tày), ஹமோங் எனப்படும் மலை இனங்களின் இளைஞர்கள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். நீங்களே ஓட்ட, வழிகாட்டி முன்னால் போவது இன்னொரு வகை. கட்டணம் குறைவு, ஆனால் மேலே சொன்ன உரிமச் சிக்கல் அப்படியே இருக்கும். வழிகாட்டி கூட இருப்பதால் சட்டம் தளர்ந்துவிடாது. மூன்றாவது ஜீப். மழைக்காலத்துக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் நல்லது. அதைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நமக்கு அங்கே ஓட்டுவதில் சில முடிச்சுகள் உண்டு. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். நேர் சாலையில் இது அரைமணி நேரத்தில் பழகிவிடும். கொண்டை ஊசியில் பழகாது. திடீரென்று எதிரே லாரி வந்தால் நம் உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கும். அங்கே இடப்பக்கம்தான் லாரி வருகிற பக்கம். வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை கிளட்ச் இல்லாத, கியர் உள்ள 110 சிசி ஹோண்டா வண்டிகள். முன்பாதத்தால் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். ஸ்ப்ளெண்டர் ஓட்டிய கால் இதற்கு உடனே பழகிக்கொள்ளும். புல்லட் ஓட்டிய கால், கியரைக் குறைக்க நினைத்துக் கூட்டிவிடும். இறக்கத்தில் அப்படி நடந்தால் வண்டி பிடிக்காமல் ஓடும். சிலர் கியரே வேண்டாம் என்று ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். அதைத்தான் நான் வேண்டவே வேண்டாம் என்பேன். நீண்ட இறக்கத்தில் ஸ்கூட்டரில் எஞ்சின் அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறிச் சூடேறிக் கடைசியில் பிடிமானம் போய்விடும். அந்த மலைகளில் நடக்கும் விபத்துகளுக்கு இது பழைய காரணம்.

சரி, இடத்துக்கு வருவோம். 2025 ஜூலையில் வியட்நாம் மாகாணங்களை இணைத்தபோது ஹா ஜியாங் மாகாணம் துயென் குவாங் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. பேருந்துச் சீட்டு, விடுதிப் பலகை, மக்கள் பேச்சு எல்லாவற்றிலும் பழைய பெயரே இருக்கிறது. வரைபடத்தில் துயென் குவாங் என்று வந்தால் குழம்பவேண்டாம். மாகாணத் தலைநகரான துயென் குவாங் நகரம் வேறு. நீங்கள் இறங்கவேண்டியது ஹா ஜியாங் நகரம்.

ஹா ஜியாங்கிலிருந்து வடக்கே ஏறினால் முதலில் பாக் சும் கணவாய், அப்புறம் குவான் பா. அங்கே பள்ளத்தாக்கின் நடுவில் ஒன்றுபோல் உருண்டு நிற்கும் இரட்டைக் குன்றுகள். யென் மின்னில் பைன் மரங்கள். அதைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. மண் குறைந்து, கறுத்த சுண்ணாம்புப் பாறை பல்வரிசைபோல் எழும்பி நிற்கிறது. இதுதான் டோங் வான் பாறைப் பீடபூமி. 2010இல் யுனெஸ்கோ ஆதரவில் இயங்கும் உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் சேர்ந்தது, வியட்நாமில் அந்தப் பெயர் பெற்ற முதல் இடம். அழகு என்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். வழிகாட்டி இருந்தால் வண்டியை நிறுத்தி, பாறைக் குழிகளுக்குள் முளைத்து நிற்கும் மக்காச்சோளத்தைக் காட்டுவார். குழியில் மண் இல்லாவிட்டால் முதுகுக்கூடையில் மண் சுமந்துவந்து கொட்டி, ஒவ்வொரு குழியிலும் இரண்டு மூன்று விதை போடுகிறார்கள் ஹமோங் விவசாயிகள். உழவு மாட்டைத் திருப்பக்கூட இடமில்லாத சரிவுகள். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

ஸா பின்னில் வுவோங் குடும்பத்து மாளிகை இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதியை ஆண்ட ஹமோங் தலைவர் வுவோங் ச்சின் டுக் கட்டியது. செல்வம் வந்த வழி அபினி. தூண்களின் அடிக்கல் அபினிக் காய் வடிவத்தில் செதுக்கியிருக்கிறது. பலகையில் இதெல்லாம் இரண்டு வரிதான் இருக்கும். கதை முழுக்க ஆட்களிடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள், சீன எல்லை வியாபாரிகள், பின்னால் ஹோ சி மின் அரசு என்று எல்லாரோடும் இந்தக் குடும்பம் எப்படிக் காலத்துக்கேற்ப உறவு வைத்துக்கொண்டது என்பதை, அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் சொல்லிக் கேட்பதே தனி. அங்குள்ள பல முதியவர்களுக்கு வியட்நாமிய மொழியே இரண்டாம் மொழி. ஆங்கிலமும் உங்கள் கைபேசி மொழிபெயர்ப்பும் அந்த வாசற்படியோடு நின்றுவிடும்.

அப்புறம் லுங் கூ. நாட்டின் வடகோடி என்று சொல்லப்படும் குன்றின்மேல் கொடிக்கோபுரம். கொடியின் பரப்பு 54 சதுர மீட்டர், நாட்டின் 54 இனங்களுக்காக. படிகள் ஏறவேண்டும். நேரம் குறைவாக இருந்தால் விடக்கூடிய இடம் இது என்பது என் எண்ணம், வியட்நாமியர் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

விடக்கூடாதது டோங் வானுக்கும் மெயோ வாக்குக்கும் இடையே உள்ள மா பி லெங் கணவாய். இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் தடுப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. பல நூறு மீட்டர் கீழே தூ சான் பிளவுக்குள் நோ குவே ஆறு பச்சையாகக் கிடக்கும். இந்தச் சாலைக்கு "மகிழ்ச்சிச் சாலை" என்று பெயர். ஹா ஜியாங்கிலிருந்து மெயோ வாக் வரை சுமார் 185 கிலோமீட்டர், 1959இல் தொடங்கி 1965இல் முடித்தார்கள். அதற்கு முன் இந்த ஊர்களுக்குக் குதிரைப் பாதைதான். உப்பு வாங்கவே நாள்கணக்கில் நடக்கவேண்டும். வெட்டியவர்கள் பல இனங்களைச் சேர்ந்த இளைஞர்கள், பெண்கள் உட்பட. கருவி என்று பார்த்தால் உளி, சுத்தியல், கடப்பாரை, கொஞ்சம் வெடிமருந்து. மா பி லெங் பாறைமுகத்தில் நிற்கவே இடம் இல்லாததால் தேர்ந்தெடுத்த ஒரு குழு இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு 11 மாதம் பாறையைக் குடைந்தது. இறந்தவர்களும் உண்டு. கணவாயில் நினைவுச்சின்னம் இருக்கிறது.

நீங்கள் ஓட்டுநராக இருந்தால் இந்த இருபது கிலோமீட்டரில் பார்க்கப்போவது, முன்னால் இருபது மீட்டர் தார். பள்ளத்தை ஒரு கண் பார்த்தால் எதிர் வளைவில் மணல் லாரி. பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் அந்த ஆறு முழுதும் கிடைக்கும். நான் பின்சீட்டைச் சொல்வதற்கு உரிமம் ஒரு பாதி, இது மறு பாதி. அந்த மலையில் வளர்ந்த பையனுக்கு எந்த வளைவில் மண் சரியும், எந்த வளைவில் ஹார்ன் அடிக்காமல் திரும்பக்கூடாது என்பதெல்லாம் மனப்பாடம்.

மலைமுகட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கிப் படகிலும் போகலாம். இறங்கும் கிளைச்சாலை குறுகியது, மிகவும் செங்குத்து. புதியவர்கள் வண்டியைப் போடுவது இங்கேதான் அதிகம். படகுக் கட்டணம் உங்கள் தொகையில் அடக்கமா என்று முன்பே கேளுங்கள். கணவாயில் அனுமதியில்லாமல் எழுந்த ஏழுமாடிக் கட்டடம் ஒன்று 2019இல் நாடு முழுக்கச் சர்ச்சையானது, அதையும் பார்ப்பீர்கள். அங்கே நின்று குடிக்கும் காபி நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

மெயோ வாக்கிலிருந்து தெற்கே து ஜியா வழியாகத் திரும்புவது நான்கு நாள் திட்டம். வந்த வழியிலேயோ குறுக்கு வழியிலோ திரும்புவது மூன்று நாள் திட்டம். உங்களுக்கு நான்கு நாள் சொல்கிறேன். மூன்று நாளில் செய்தால் தினமும் ஆறேழு மணி நேரம் வண்டிமேல் இருக்கவேண்டும். பழக்கமில்லாத மனைவிக்கு இரண்டாம் நாள் மாலையே இடுப்பு விட்டுப்போகும். து ஜியா பக்கம் நெல்வயலும் அருவியும் ‘தாய்’ இன மக்களின் மரவீடுகளுமாக, பாறைப் பீடபூமிக்கு நேர்மாறாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டோங் வானிலோ மெயோ வாக்கிலோ இருக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள், வாரச்சந்தை அன்றுதான். விடியற்காலையிலேயே மாடும் பன்றியும் துணியுமாகக் கூடிவிடும், பத்து மணிக்குமேல் கலைய ஆரம்பிக்கும்.

இனி, எந்த ஆளைப் பிடிப்பது? இங்கேதான் காசு தகுமா தகாதா என்பது முடிவாகிறது. ஒரே பெயரில் இரண்டு வேறு பயணங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, முப்பது நாற்பது இளைஞர்கள் வரிசையாகப் போய், இரவில் கரோக்கே போட்டு, சோளச் சாராயம் குடித்து ஆடும் கூட்டம். இன்னொன்று ஏழெட்டுப் பேருக்குள் நடக்கும் சிறு குழு, அல்லது உங்கள் இருவருக்கு மட்டும். விளம்பரப் படங்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று எண்ணில் பதில் வாங்குங்கள். "சின்னக் குழுதான்" என்றால் ஏற்காதீர்கள்.

அந்தச் சாராயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வீட்டில் காய்ச்சிய சோளச் சாராயத்தை வெளிநாட்டுப் பயணிகள் "ஹேப்பி வாட்டர்" என்கிறார்கள். இரவு உணவில் "மோட், ஹாய், பா" என்று எண்ணிக் குவளையை உயர்த்தும் சடங்கு தவிர்க்க முடியாதது. குடிக்காதவர்கள் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆனால் வியட்நாமில் வண்டி ஓட்டுபவர் இரத்தத்திலோ மூச்சிலோ மது துளியும் இருக்கக்கூடாது என்பது 2020 முதல் சட்டம். அளவு, வரம்பு என்று எதுவும் கிடையாது. இரவு பதினொன்று வரை குடித்தவர் காலை எட்டு மணிக்குச் சோதனையில் மாட்டலாம். மாட்டாவிட்டாலும் மா பி லெங்கில் அவர் பின்னால் உட்காரப்போவது நீங்கள். எனவே முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: உங்கள் ஓட்டுநர்கள் இரவில் விருந்தினரோடு குடிப்பார்களா? நேராகப் பதில் சொல்கிற நிறுவனத்தை எடுங்கள். இரவில் அவர் மூன்றாவது குவளைக்குப் போனால் காலையில் வேறு ஓட்டுநர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்கவும் வேண்டாம். நல்ல முதலாளி இதைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

ஓட்டுநரிடம் உரிமம் இருக்கிறதா, தங்குவது தனியறையா பொதுக்கூடமா, பெரிய பையை ஹா ஜியாங்கில் வைத்துவிட்டுப் போகலாமா, எல்லைப் பகுதிக்கான அனுமதிச் சீட்டை யார் எடுப்பது, வண்டி பழுதானால் மாற்று வண்டி எத்தனை நேரத்தில் வரும், இவையும் கேட்கவேண்டியவை. தலைக்கவசத்தின் படம் அனுப்பச் சொல்லுங்கள். பல இடங்களில் தருவது பாதித் தலையை மூடும் தொப்பி. தாடை முழுக்க வெளியே. முடிந்தால் உங்கள் சொந்தத் தலைக்கவசங்களை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். விமானத்தில் இடம் பிடிக்கும், சரிதான். முழங்கால், முழங்கை உறை வாடகைக்குக் கிடைக்கிறது. கட்டிக்கொள்ளுங்கள், பின்சீட்டுக்காரருக்கும் தார் அதே தார்தான்.

எப்போது போவது? அக்டோபரும் நவம்பரும் சிறந்த காலம். பாறைகளுக்கு நடுவே பக்வீட் என்ற தானியச் செடியின் பூ வெளிர்சிவப்பாக விரியும், வானம் தெளிவு. ஆனால் கூட்டமும் அப்போதுதான், உள்ளூர்ப் பயணிகளே கார்களில் வந்து குவிவார்கள். மார்ச், ஏப்ரலும் நல்லது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூடுபனியும் குளிரும். மா பி லெங்கில் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு. 2024 செப்டம்பரில் யாகி புயல் வட வியட்நாமைப் புரட்டிப்போட்டபோது இந்த மலைச்சாலைகளும் அடைபட்டன. பள்ளி விடுமுறை என்று ஜூன், ஜூலையில் போவதாக இருந்தால், சாலை மூடினால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வழிகாட்டி இருப்பதன் இன்னொரு பலன் இந்த நாட்களில் தெரியும்: எந்தக் கணவாய் காலையில் அடைபட்டது, எது மதியம் திறந்தது என்ற செய்தி ஓட்டுநர்களின் கைபேசிக் குழுவில் நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டிருக்கும். அந்தக் குழுவில் நீங்களும் நானும் கிடையாது.

ஹனோயிலிருந்து ஹா ஜியாங்குக்குப் படுக்கைப் பேருந்தில் ஆறேழு மணி நேரம். இரவுப் பேருந்து விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு இறக்கிவிடும். அரைத்தூக்கத்தில் விடுதிப் படுக்கையில் கொஞ்சம் புரண்டுவிட்டு எட்டரைக்கு வண்டி ஏறுவதுதான் பலரின் வழக்கம். நீங்கள் பகல் பேருந்தில் போய், ஒரு முழு இரவு தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். பகலில் போனால் ஹா ஜியாங்குக்குச் சற்று முன் நெடுஞ்சாலையை ஒட்டி வி ஸுயென் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தையும் காணலாம். 1979இல் சீனா படையெடுத்து ஒரு மாதத்தில் பின்வாங்கியது என்றுதான் நாம் படித்திருப்போம். இந்த மலைகளில் சண்டை 1984 முதல் 1989 வரைகூட நீடித்தது. உங்கள் ஓட்டுநரின் அப்பாவோ பெரியப்பாவோ அதில் இருந்திருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

சாப்பாடு, அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். வீட்டுத்தங்கலில் ஒரே வட்ட மேசையில் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்கள் வைப்பார்கள். சைவம் என்றால் "ஆன் சாய்" என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். டோஃபு, கீரை வதக்கல், முட்டை, சோறு கிடைக்கும். மீன் சாஸ் எதிலும் கலந்திருக்க வாய்ப்புண்டு, கண்டிப்பான சைவர்கள் அதையும் தனியே சொல்லவேண்டும். மூன்றாம் நாள் நாக்கு செத்துப்போகும். ஒரு பொட்டலம் பருப்புப் பொடி கையில் இருக்கட்டும், சோற்றுக்குக் குறைவே இல்லை. வீட்டுக்காரம்மாவுக்கும் கொஞ்சம் கொடுங்கள், மிளகாய் அவர்களுக்கும் பிடிக்கும்.

தாம் மா ஏற்றத்திலும் இன்னும் சில காட்சி முனைகளிலும் சிறு குழந்தைகள் முதுகில் பூக்கூடையோடு நிற்பார்கள், படம் எடுத்தால் காசு கேட்பார்கள். பார்க்க மனசு கேட்காது. காசோ மிட்டாயோ கொடுக்காதீர்கள் என்றுதான் பொறுப்பான வழிகாட்டிகள் சொல்கிறார்கள். பள்ளியில் இருக்கவேண்டிய நேரத்தில் அவர்களைச் சாலையில் நிறுத்துவது அந்தக் காசுதான். பெரியவர்கள் விற்கும் சணல் துணியை வாங்குங்கள், அது அவர்கள் கையால் நெய்தது.

கட்டணத்தில் ஓட்டுநர் கூலி, வண்டி, பெட்ரோல், தங்கல், சாப்பாடு அடங்கும். உங்களுக்கு இரண்டு வண்டி, இரண்டு ஓட்டுநர் என்பதால் மொத்தத் தொகை பெரிதாகத் தெரிகிறது. கடைசி நாளில் ஓட்டுநருக்கு அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். கட்டாயமில்லை, ஆனால் மழையிலும் வெயிலிலும் உங்கள் உயிரைச் சுமந்தவர் அவர். கொடுப்பதை நிறுவனத்திடம் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். விசா இணையத்திலேயே எடுக்கலாம், ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை.

உங்களுக்கு ஓட்டும் ஆசை தீரவில்லை என்றால் ஒன்று செய்யலாம். ஹனோய்க்குத் திரும்பிய பிறகு நின் பின் (Ninh Binh) என்ற ஊர்ப்பக்கம் போய் வயல்வரப்புச் சாலைகளில் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். உரிமம் கேட்கமாட்டார்கள், வலப்பக்கம் ஓட்டிப் பழகவும் அது தோதான இடம். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி எப்படியும் வேண்டும், மழையில் சாலை அடைபட்டால் அந்த நாள் அதற்குப் போய்விடும்.